சூடான எஞ்சின் சொன்ன சாட்சி

ஆறாம் அத்தியாயம்

துப்பறிவாளர் சந்திரகாந்தியிடம் இதுவரை வந்த வழக்குகளில் சந்தேக நபர்கள் எல்லாருக்கும் இரண்டு கால்கள் இருந்தன. இந்த முறை நான்கு சில்லுகள்.

சந்தேக நபர் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அறுபதுகளில் பிறந்த டீசல் டிராக்டர். மூன்று சிலிண்டர். ஒரு காலத்தில் சிவப்பு நிறமாக இருந்ததாகப் பத்திரம் சொன்னது. பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை. முகப்பு விளக்குகளுக்கு நடுவே மூன்று குறி விபூதி, அதன் கீழே சந்தனப்பொட்டு. நேற்றுத்தான் தீட்சை பெற்றுக்கொண்ட ஒரு முரடனைப் போல இருந்தது.

"அக்கா, ஆள் ஓடித் தப்பமாட்டார்," என்றான் யூட். "பிறசர் இல்லை."

சந்திரகாந்தி சிரிக்கவில்லை. ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த யூட் அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் அவன் பகிடிக்குச் சிரித்ததில்லை. அதை அவன் ஏதோ ஒரு நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டு, மனம் தளராமல் தன் கடமையைச் செய்து வந்தான்.

கோயில் ஹம்பேர்க்குக்குத் தெற்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய ஊரில் இருந்தது. முன்பு அது கம்பளங்கள் அடுக்கி வைத்த களஞ்சியம். இப்போது முருகன் குடியிருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் டயர்க்கடை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சப்பறத் திருவிழா. சுவாமி ஏறிப்போகவேண்டிய தெரு நல்ல மேடு. அந்த மேட்டில் ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கக்கூடாது, டிராக்டர்தான் இழுக்கவேண்டும் என்று நகரசபை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கிழட்டு வாகனத்தை வாங்கினார்கள். அதன் எஞ்சினை முழுக்கக் கழற்றிப் புதிதாகக் கட்டிக் கொடுத்தவன் முகுந்த்.

முகுந்துக்கு அடுத்த ஊரில், விவசாய இயந்திரங்கள் திருத்தும் பட்டறையில் வேலை. இன்னும் புறோபெசைற் முடியவில்லை. அந்தத் தகுதிகாண் காலத்துக்குள் ஒருவனை வேண்டாம் என்று அனுப்புவதற்கு முதலாளி அதிகம் காரணம் தேடவேண்டியதில்லை. எஞ்சின் கட்டி ஒரு கிழமை ஆகவில்லை, எண்ணெய் அமுக்கம் விழத் தொடங்கியது. அமுக்கம் இல்லாமல் மேடு ஏறினால் எஞ்சின் இறுகிப்போய்விடும். கோயில் தலைவர் சிவகுருநாதன் இன்று காலை பட்டறை முதலாளி லூர்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் ஆள் பெயரிங்குகளைப் பிழையாகப் போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டார். லூர்ஸ் முகுந்தைக் கூப்பிட்டு இரண்டு வாக்கியம் பேசினார். மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல். பெயரிங்தான் காரணம் என்றால் திங்கட்கிழமை வரவேண்டாம்.

முகுந்த் அடுத்த அழைப்பைச் சந்திரகாந்திக்கு எடுத்தான். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் அவள் காப்புறுதிக் கம்பனிக்காக அடிபட்ட வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவள்.

"என்னென்ன பார்த்தனீர்?" என்று கேட்டாள்.

"மீற்றர் பொய் சொல்லுதோ எண்டு முதலில பார்த்தனான் அக்கா. பட்டறை மீற்றரைக் கொண்டுவந்து பூட்டினனான். அதுவும் இதையேதான் சொல்லுது. பில்டர் புதுசு. அமுக்கத்தைக் கட்டுப்படுத்துற வால்வைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் துடைச்சுத் திருப்பிப் பூட்டினனான். பம்ப் எஞ்சின் கட்டேக்கையே அளந்து போட்டது. அது நல்லது."

"பெயரிங்?"

"நான்தான் போட்டனான்." முகுந்த் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். "மற்ற எல்லாத்தையும் பார்த்தாச்சு அக்கா. மிச்சம் என்ரை கைதான்."

அந்த நேரத்தில் தலைவர் வந்து சேர்ந்தார். பட்டுவேட்டி, அதற்கு மேலே குளிர்ச்சட்டை, அதற்கும் மேலே ஒரு பெரிய மனிதரின் களைப்பு.

"இதில துப்பறிய என்ன பிள்ளை கிடக்கு?" என்றார். "எஞ்சின் குளிரா இருக்கேக்க பிறசர் நல்லம். சூடேறினால் விழுது. பெயரிங் இளகினால் அப்படித்தான் செய்யும். நான் முப்பது வருஷம் பப்றிக்கில மெசினோட வேலை செய்தனான்."

"என்ன பக்ரறி அண்ணை?" என்று யூட் மரியாதையாகக் கேட்டான்.

"பிஸ்கற்."

"அப்ப சூடு பற்றி உங்களுக்குத் தெரியும்தான்."

சந்திரகாந்தி இதற்குள் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து எண்ணெய் மட்டக் கம்பியை உருவி எடுத்திருந்தாள். துடைத்தாள், மறுபடி விட்டாள், எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"கூட ஊத்தினீரோ?"

"இல்லை அக்கா. கோட்டுக்கு ஒரு நூல் கீழை நிப்பாட்டினனான். கூட ஊத்தினால் லூர்ஸ் ஊரே கேக்கிற மாதிரிக் கத்துவார். எங்களுக்குக் கை அப்படிப் பழகிப்போச்சு."

"எண்ணெய் எரியும், ஒழுகும், குறையும். தானாக் கூடுறதை நான் காணேல்லை. யூட், டீசல் கலந்திட்டுதோ எண்டு மணந்து பாரும்."

யூட் கம்பியை மூக்கருகே கொண்டுபோனான். சிறிது நேரம் கண்ணை மூடினான்.

"டீசல் மணக்கேல்லை. தோசை மணக்குது," என்றான். "காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. அதுவாத்தான் இருக்கும்."

சந்திரகாந்தி கம்பியைத் திரும்ப வாங்கி மணந்தாள். கைலேஞ்சியால் துடைத்து, அந்தக் கைலேஞ்சியை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். யூட் வாயை மூடிக்கொண்டான். அவள் பைக்குள் ஒரு பொருள் போனால் அது இனிப் பகிடி அல்ல என்பது அவனுக்குத் தெரியும்.

இருவரும் கோயிலின் பின்பக்கச் சமையல் கூடத்துக்குப் போனார்கள். மறுநாள் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சந்திரகாந்தி எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: முகுந்த் கட்டி முடித்த பிறகு எஞ்சினை யாராவது தொட்டீர்களா?

"நாங்கள் ஏன் அதைத் தொடுறம் பிள்ளை?" என்றார் தலைவரின் மனைவி கமலாம்பிகை. "உடுப்பெல்லாம் கறுப்புப் பிடிக்கும்."

"தொடேல்லை," என்றாள் நிர்வாகச் செயலாளர் அஜிதா. இந்த நாட்டிலேயே பிறந்தவள். "பிறகு ஏதும் நடந்தால் ஹாஃப்டுங், அந்தப் பொறுப்பு, ஆற்றை? நான் கிட்டவும் போகேல்லை."

அரிசி கழுவிக்கொண்டிருந்த சிறீதரன் தொடவில்லை. தேங்காய் திருவிக்கொண்டிருந்த பிளோறன்ஸ் தொடவில்லை. முருகனே இறங்கி வந்திருந்தாலும் தொடவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

முற்றத்துக்குத் திரும்பும்போது சந்திரகாந்தி சொன்னாள்: "எல்லாரும் உண்மைதான் சொல்லினம்."

"அப்ப கஷ்டம் அக்கா. ஆக்கள் பொய் சொன்னால்தானே எங்களுக்குப் பிழைப்பு."

"உண்மை சொல்லினம். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் சொல்லினம்."

அவள் முகுந்தை எஞ்சினைக் கிளப்பச் சொன்னாள். டிராக்டர் இருமியது, கறுப்பாக ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. எண்ணெய் அமுக்க மீற்றரின் முள் நடுவில் இருந்த பச்சைப் பகுதிக்குள் ஏறி நின்றது. முகுந்த் வேகத்தைக் கூட்டி முற்றத்தைச் சுற்றினான். சூடு காட்டும் மீற்றரும் மெல்ல ஏறியது. சில சுற்றுகள் போனதும் எண்ணெய் முள் நடுங்கியது, பச்சையை விட்டு இறங்கியது, சிவப்பின் விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாத்தீங்களே."

"பாத்தன் அண்ணை. நிப்பாட்டும் தம்பி. தேத்தண்ணி குடிப்பம்."

"வேலை நேரத்திலயோ?"

"இதுதான் வேலை," என்றாள் சந்திரகாந்தி.

தேநீர் வந்தது. முகுந்த் கோப்பையைக் கையில் வைத்திருந்தானே தவிரக் குடிக்கவில்லை. அவனுடைய கைத்தொலைபேசி டிராக்டரின் சில்லுக்கு மேலே கிடந்தது. அவன் கண் அதிலேயே போய்ப் போய் வந்தது. திங்கட்கிழமை அந்தத் தொலைபேசிக்குள் இருந்தது.

சந்திரகாந்தி கோப்பையை வைத்தாள். "யூட், எஞ்சின் ஆறீட்டுதோ?"

யூட் கையை வைத்தான். எடுத்தான். ஊதினான். "ஆறேல்லை அக்கா. இனிமேல் இந்தக் கையால் பாவமன்னிப்புக் கேட்டுச் சிலுவை போட ஏலாது. அவ்வளவு சூடு."

"நல்லம். முகுந்த், ஸ்ராட் பண்ணும்."

எஞ்சின் கிளம்பியது. சூட்டு மீற்றர் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. எண்ணெய் முள் எழும்பிப் பச்சைக்கு நடுவில் போய், விடியற்காலையில் வேலைக்கு வந்தவன் போல நிமிர்ந்து நின்றது.

முகுந்த் மீற்றரை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது.

தலைவருக்கு விளங்கவில்லை. "இப்ப நல்லாத்தானே காட்டுது. என்ன அதிசயம்?"

"அதிசயம் இல்லை அண்ணை. பெயரிங் இளகியிருந்தால், எஞ்சின் சூடா இருக்கிறவரைக்கும் பிறசர் விழுந்துதான் கிடக்கவேணும். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ள பெயரிங் சுகப்படாது. எஞ்சின் இப்பவும் சூடு, யூட்டின்ரை கையைக் கேளுங்கோ. ஆனால் பிறசர் வந்திட்டுது. அப்ப சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"பிறகு?"

"இளநீரை ஸ்ட்ரோ வைச்சுக் குடிச்சிருப்பீங்கள். உறிஞ்ச உறிஞ்ச வழுக்கைத் துண்டு வந்து அடைக்கும். உறிஞ்சிறதை விட்டால் விழுந்திடும். திரும்ப உறிஞ்சினால் முதல் இரண்டு வாய் நல்லா வரும், பிறகு அடைக்கும். எண்ணெய்த் தொட்டிக்குள்ள பம்ப் உறிஞ்சிற குழாயின்ரை வாயில சல்லடை மாதிரி ஒரு வடி இருக்கு. ஏதோ ஒண்டு அதிலை வந்து ஒட்டுது. எஞ்சின் நிண்டால் கழண்டு போகுது."

அவள் சொல்லி முடிக்கவும் முள் நடுங்கி இறங்கவும் சரியாக இருந்தது. முகுந்த் எஞ்சினை நிறுத்தினான்.

தலைவர் சிறிது யோசித்தார். பிறகு அவருடைய முகம் தெளிந்தது. பிறர் தவறைப் பிடித்துவிட்டவரின் தெளிவு.

"துணி," என்றார். "தம்பி கை துடைச்ச துணியை உள்ளுக்குள்ள மறந்து விட்டிட்டார். பெயரிங் எண்டாலும் பரவாயில்லை, அறியாமை. இது கவனயீனம். லூர்ஸுக்குச் சொல்லத்தான் வேணும்."

முகுந்த் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். எஞ்சின் கட்டிய நாட்களில் அவன் எத்தனையோ துணிகளால் எதையெதையோ துடைத்திருந்தான். எல்லாவற்றையும் எண்ணியா எடுத்து வைத்தான்? யூட் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தயாராக வைத்திருந்த பகிடியை விழுங்கினான். அது அபூர்வமான நிகழ்ச்சி.

"கழற்றிப் பாப்பம்," என்றான் முகுந்த்.

கோயிலில் இருந்து ஒரு பாய் வந்தது. எண்ணெயை வடித்தார்கள். முகுந்த் பாயில் மல்லாந்து டிராக்டருக்கு அடியில் போனான். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தட்டில் விழுந்தன. கடைசியில் எண்ணெய்த் தொட்டி இறங்கியது. சமையல் கூடத்திலிருந்து ஆட்கள் கத்தியோடும் கரண்டியோடும் வந்து சுற்றி நின்றார்கள்.

"என்ன தம்பி, துணியோ?" என்று தலைவர் குனிந்து கேட்டார்.

டிராக்டருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் கறுப்பாக, அடர்த்தியாக, குருவிக் கூட்டைத் தட்டையாக்கியது போல ஒன்று.

சந்திரகாந்தி அதை ஒரு கிண்ணம் டீசலில் போட்டு அலசினாள். கறுப்பு கரைந்தது. உள்ளே இருந்தது வெளிப்பட்டது.

புல்.

"ஆள் உடம்பு குறைக்க டயற்றில இருந்திருக்கிறார்," என்றான் யூட்.

தலைவர் நிமிர்ந்தார். அவர் கண் டயர்க்கடைப் பக்கம் போனது. "எனக்கு இப்ப விளங்குது. நாதஸ்வரச் சத்தம் கூடிப்போச்சு எண்டு அந்தக் கடைக்காரன் இரண்டு தரம் பொலிசுக்குச் சொன்னவன். திருவிழாவைக் குழப்பப் பார்த்திருக்கிறான். பிள்ளை, இது நாசவேலை. நீங்கள் அவனைத்தான் விசாரிக்கவேணும்."

சந்திரகாந்தி கிண்ணத்திலிருந்து ஒரு புல்லை எடுத்துப் பார்த்தாள். நல்ல நீளம். வேர் இல்லை. அடி ஒரே அளவாகக் கிள்ளப்பட்டிருந்தது. அவள் டயர்க்கடைப் பக்கம் திரும்பவேயில்லை. கையில் பூசணிக்காய்த் துண்டோடு நின்ற கமலாம்பிகையைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், கலியாண வீட்டில் பலகாரம் பற்றி விசாரிப்பவள் போல, "டிராக்டருக்கு எண்ணெய்க்காப்பு எப்ப நடந்தது?"

கமலாம்பிகையின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரமாக யாரும் இதைக் கேட்கவில்லையே என்ற குறை அதில் தெரிந்தது.

"போன கிழமை, வெள்ளிக்கிழமை பிள்ளை. சுவாமியை இழுக்கப்போற வண்டி எல்லோ. கும்பாபிஷேகத்திலை புதுச் சிலைக்கு எல்லாரும் எண்ணெய் சாத்திற மாதிரியே செய்தனாங்கள். முதல் எண்ணெய் இவர்தான் விட்டவர். பிறகு குடும்பம் குடும்பமா வந்து ஒவ்வொரு கரண்டி. வரிசை தெருமுனை மட்டும் நிண்டது. வீட்டில இருந்தே எல்லாரும் நல்லெண்ணெய் கொண்டு வந்தவை."

யூட் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முதல்முறையாக அதன்மேல் அவனுக்கு மரியாதை வந்தது.

"எங்கே விட்டனீங்கள்?"

"அந்த மூடியைத் திறந்தால் ஒரு குழாய் கிடக்கே, அதுக்குள்ளை."

"எண்ணெயை அறுகம்புல்லாலை தொட்டோ?"

"பின்னை? கடையில அறுகம்புல் வரேல்லை. இவர்தான் பின்வளவில போய், நல்ல நீளமாப் பார்த்து, ஒவ்வொண்டாக் கிள்ளிக்கொண்டு வந்தவர். தரையிலை குந்தி இருந்து."

"தொட்டு முடிஞ்ச புல்லை என்ன செய்தனீங்கள்?"

கமலாம்பிகை அவளை ஒரு கணம் வியப்போடு பார்த்தார். படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்ற வியப்பு. "உள்ளுக்கைதான் விட்டது. சாத்தினதைக் கீழை போட்டு ஆக்கள் மிதிக்கிறதோ?"

"முகுந்த் அப்ப எங்கே?"

"தம்பிக்கு அண்டைக்கு எங்கையோ டெர்மின், நேரம் குறிச்சிருக்கு எண்டு போயிட்டார். ஆனால் பிள்ளை, நாங்கள் எஞ்சினைத் தொடேல்லை. ஓட்டைக்குள்ளதான் விட்டனாங்கள்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆம் என்று தலையாட்டினார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, ஆட்டுவதை நிறுத்தினார்கள். சிறீதரன் கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தலைவர் டயர்க்கடையிலிருந்து கண்ணை எடுத்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வானத்தில் வைத்திருந்தார்.

"பிள்ளை," என்றார் தாழ்ந்த குரலில். "ஏதோ குப்பை அடைச்சது எண்டு சொன்னால் காணாதோ?"

"குப்பை எண்டால் உள்ளுக்கை குப்பை விட்டது ஆர் எண்டு லூர்ஸ் கேப்பார் அண்ணை. முகுந்தின்ரை பேர்தான் வரும். காலமை நீங்கள் எடுத்த ரெலிபோன் கோல் அது. நீங்கள்தான் திருப்பி எடுக்கவேணும்."

தலைவர் முகுந்தைப் பார்த்தார். முகுந்த் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் எண்ணெய். தலைவர் தொலைபேசியை எடுத்தார். எண்ணைத் தேடிக் கொடுக்க உதவப்போன யூட்டின் விரல், எல்லாருக்கும் கேட்கும் பொத்தானில் தவறுதலாகப் பட்டுவிட்டது.

சிவகுருநாதனின் ஜெர்மன் மொழியைக் கோயிலில் எல்லாரும் மெச்சுவார்கள். நகரபிதாவோடு நின்று பேசி ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கியவர். இப்போது அந்த மொழி அவரிடம் ஒவ்வொரு சொல்லாக வந்தது, வரிசையில் நிற்பது போல.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றார். எண்ணெய் உறிஞ்சும் வடி அடைத்திருந்தது என்றார்.

எதனால், என்று லூர்ஸ் கேட்டார்.

"புல்," என்றார் தலைவர்.

லூர்ஸ் அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். எண்ணெய்த் தொட்டிக்குள் புல் எப்படிப் போனது?

"நாங்கள் எஞ்சினை ஆசீர்வதித்தோம்."

"எதால்?"

"புல்லால்."

பிறகு லூர்ஸ் நிதானமாகக் கேட்டார்: முகுந்தா அதைச் செய்தார்?

சமையல் கூட வாசலில் நின்ற குடும்பங்கள் எல்லாம் தலைவரைப் பார்த்தன. தலைவர் குளிர்ச்சட்டையின் மேல்பொத்தானைப் பூட்டினார். பிறகு ஏனோ கழற்றினார்.

"இல்லை," என்றார். "அவர் அப்போது இங்கே இல்லை. முதலில் விட்டது நான். புல்லைக் கிள்ளியதும் நான்தான்."

 பெயரிங்குகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் லூர்ஸ் கேட்டார்.

முகுந்த் ஏற்கெனவே ஒரு பெயரிங்கின் மூடியைக் கழற்றியிருந்தான். தலைவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான். பட்டுவேட்டியோடு தலைவர் பாயில் படுத்து, தோள்வரை டிராக்டருக்கு அடியில் போனார். யூட் கைவிளக்கைப் பிடித்தான். மங்கிய சாம்பல் நிறத்தில், பெயரிங் உள்ளங்கை போல வழவழப்பாக இருந்தது.

"கீறல் இல்லை," என்றார் தலைவர் கீழேயிருந்து.

ஒரு கிழமையாக எண்ணெய்ப் பட்டினி கிடந்துமா, என்று லூர்ஸ் கேட்டார்.

"விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை."

லூர்ஸ் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "திங்கட்கிழமை அவரை வழமையான நேரத்துக்கு வரச்சொல்லுங்கள். புறோபெசைற்றை அன்றைக்கே முடித்துக் கையெழுத்து வைத்துவிடலாம். இப்படிக் கட்டுகிறவரை இனியும் சோதித்துப் பார்ப்பதற்கு எனக்கு நேரம் இல்லை. இன்னொன்று. எஞ்சினை நன்றாகக் கழுவி, புது எண்ணெய் அவரே ஊற்றட்டும். ஊற்றும்போது பக்கத்தில் வேறு யாரும் நிற்கக்கூடாது."

தலைவர் டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னார். ஒரு சொல்லையும் விடவில்லை.

முகுந்த் முழங்கையால் கண்ணைத் துடைத்தான். முகத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் பரவியது. அவன் புது எண்ணெய்த் தகரத்தை எடுத்துவரப் போனபோது முற்றத்தில் நின்ற எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

தலைவர் இரண்டடி.